குனிந்தே வந்த பயணி

நோர்வூட்டிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அம்மா, முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்தே வந்தார். விரல்களில் தேயிலைக் கொழுந்துக் கறை.

“சாஞ்சுக்குங்கம்மா” என்றேன்.

“சாஞ்சா நெஞ்சுல குத்துது தம்பி. மூச்சு இழுத்தாலும் குத்துது. போன வாரந்தான் கண்டியில பேஸ்மேக்கர் வச்சாங்க. இந்த மெஷின் நின்னுட்டா எனக்குத் தெரியுமாங்க?”

இறங்கியதும் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மெஷின் சரியாகத்தான் ஓடுகிறது, இதயத்தைச் சுற்றியுள்ள உறைதான் அழற்சியால் வீங்கி நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். உடனே கண்டிக்கு அனுப்பினார்கள்.

அம்புலன்ஸில் ஏறும்போது அந்த அம்மா, “மகளுக்குப் போன் போட்டு, பயப்படாத மாதிரி சொல்லுங்க” என்றார். சொன்னேன்.

நான்காம் நாள் மகளின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவே பயந்தேன். அந்த அம்மாவேதான் பேசினார்.

“தண்ணிய எடுத்துட்டாங்க தம்பி. நேத்து மல்லாந்து படுத்துத் தூங்குனேன்.”