சம்போ சொன்ன பிறகுதான் வலை

உலகத்தில் இதுவரை சுலோகம் சொன்ன மனிதர்களிலேயே முதல் இடம் எங்கள் நெட்டுக்குப்பம் குமாரவேல் மாமாவுக்குத்தான். இரண்டாம் இடம் காலியாக இருக்கிறது. அவர் காலை ஐந்து மணிக்கு வாயைத் திறந்தால் எண்ணூர் புகைபோக்கி புகையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும் கண்டெய்னர் கப்பல்கள் முதுகை நிமிர்த்தும். கைலாசத்தில் நந்தி காதாட்டுவதை நிறுத்திவிட்டு, "சும்மா இருங்கப்பா, நெட்டுக்குப்பம் லைன் வருது" என்று பூதகணங்களை அதட்டும். மீன்கள் குளித்துவிட்டு வந்து வலையில் விழும் என்றும் எழுத ஆசைதான். அவை ஏற்கெனவே தண்ணீரில் இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

இதில் நந்தி சொன்ன அந்த 'லைன்' மட்டும் நிஜம். அது வயர்லெஸ் லைன். கரையில் ஒரு கொட்டகை. அதற்குள் ஒரு பேட்டரி, ஒரு வயர்லெஸ் பெட்டி, சுருள் ஒயரில் தொங்கும் மைக். மைக்கின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். காற்று எந்தப் பக்கம், ஐஸ் வண்டி வந்ததா, முகத்துவாரத்தில் மணல் எங்கே மேடு தட்டியிருக்கிறது என்று கடலில் இருக்கும் நாற்பது படகுகளுக்கும் சொல்வதுதான் மாமாவின் வேலை. முன்பு அவரும் கடலுக்குப் போனவர்தான். பதினோரு வருடங்களுக்கு முன்னால் வலை இழுக்கும் கயிறு வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. மிச்சம் மூன்று விரல்களால்தான் மைக்கைப் பிடிப்பார்.

அப்போது ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் திருவொற்றியூர் லேத் பட்டறைக்காரர் ஒருவர் படுத்திருந்தாராம். அவருக்கும் கையில்தான் அடி. தினமும் காலையில் சமஸ்கிருதத்தில் ஒரு சுலோகம் சொல்வாராம். அர்த்தம் கேட்டதற்கு, "கையால செஞ்ச பிழை, காலால செஞ்சது, வாயால, காதால, கண்ணால, மனசால செஞ்சது, தெரிஞ்சு செஞ்சது, தெரியாம செஞ்சது, எல்லாத்தையும் பொறுத்துக்கோ சிவனேன்னு அர்த்தம்" என்றிருக்கிறார். சுலோகம் ஆரம்பிப்பதே கையில்தான் என்று கேட்டதும் மாமா கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவர் மனைவி பச்சையம்மா அக்கா சொல்லியிருக்கிறார். கட்டுப் பிரிப்பதற்குள் சுலோகத்தை மனப்பாடம் செய்துவிட்டார். உச்சரிப்பில் கொஞ்சம் உப்புக்காற்று அடிக்கும். ஒருமுறை விவரம் தெரிந்த யாரோ திருத்தப் பார்த்தபோது, "சாமிக்கு நான் இன்னா சொல்றேன்னு தெரியும். உனக்கு தெரியணும்னா நாளைக்கு காத்தால வா" என்று அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு வயர்லெஸ்ஸில் சுலோகம். கடலில் இஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். அவர் கடைசியில் "சம்போ" என்று முடித்த பிறகுதான் வலை தண்ணீரில் இறங்கும். கொல்லப்போகும் மீன்களுக்காக முன்கூட்டியே கேட்கும் மன்னிப்பு அது. முடிப்பதற்கு முன் தமிழில் விளக்கமும் உண்டு. அந்த விளக்கத்துக்காகவே பலர் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருவார்கள்.

"கையால பண்ணது. நேத்து ஒர்த்தன் அடுத்தவன் வலைய அறுத்துட்டு வந்துகிறான். பேரு சொல்ல மாட்டேன். அவன் போட்டு பச்ச கலரு."

"யோவ் மாமு, ஆறு போட்டு பச்ச கலருய்யா!" என்று ஏதாவது ஒரு படகிலிருந்து குரல் வரும்.

"அப்ப ஆறு பேரும் மன்னிப்பு கேளுங்க. இன்னா கொறஞ்சிடப் போறீங்க?"

கால், வாய், காது என்று குப்பத்தில் ஒரு தப்பையும் விடமாட்டார். குமாரவேல் என்பவரின் தப்பு மட்டும் பதினோரு வருடத்தில் ஒரு நாளும் வந்ததில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன் அவருடைய ஒரே மகள் சௌமியா கொருக்குப்பேட்டை ஜெஸ்வினைக் கல்யாணம் செய்துகொண்டாள். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கொருக்குப்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்கள். மாமா கல்யாணத்துக்குப் போகவில்லை, பேசவும் இல்லை. இப்போது சௌமியாவுக்கு ஏழாம் மாதம் முடிகிறது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே? ஆனால் அவள், "அப்பா வந்து கூப்ட்டா வரேன். ஆள் அனுப்பினா வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மாமியார் சுகிர்தமும் பச்சையம்மா அக்காவிடம் ஒரு கெடு வைத்தார்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். வரலன்னா திங்கக்கிழமை ரயில்ல எங்க ஊருக்கு நானே கூட்டிட்டுப் போயிருவேன். பிள்ளத்தாச்சிய இப்படி வாசலப் பாத்தே உக்கார வச்சிருக்க முடியாது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா மீன்கூடையை இறக்கிக்கொண்டே கொட்டகை வாசலில் நின்று கேட்டார்:

"ஊர்ல கீற அல்லா தப்பையும் மன்னிக்கச் சொல்ற வாயி, பெத்த பொண்ண வாம்மான்னு ஒரு வார்த்த கூப்டாதா?"

"நாளைக்கு தென்கெயக்கு காத்து" என்றார் மாமா.

"காத்து உன் தலைல அடிக்க!"

இனி என் பங்கு. "சம்போ" சொல்லிப் பொத்தானை விட்ட பிறகு மாமா மைக்கைக் கையில் வைத்தபடியே ஐந்து, பத்து நிமிஷம் தனியாக சாமியிடம் ஏதோ முணுமுணுப்பார். அது என்ன என்று குப்பமே தலையைப் பிய்த்துக்கொண்டது. பதினொன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதால் எனக்கு நேரம் நிறைய இருந்தது. வாயில் பபுள்கம்மும் இருந்தது. அன்று இரவு அவர் சாப்பிடப் போன நேரத்தில் அதை எடுத்து மைக் பொத்தானின் இடுக்கில் அப்பிவிட்டேன். ஒருமுறை அழுத்தினால் மேலே வராது. சாமியிடம் பேசும் ரகசியம் நாற்பது படகிலும் ஒலிபரப்பாகும். இதற்குமேல் நான் யோசிக்கவில்லை. அது அழுந்தியே இருந்தால் படகுக்காரர்கள் யாரும் ஆபத்துக்குக்கூடக் கூப்பிட முடியாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு படகுக்காரர் நோயல் அண்ணன் என் காதைத் திருகித் தோன்ற வைத்தார்.

நோயல் அண்ணனின் படகு இஞ்சின் ரிப்பேருக்காகக் கரையில் கிடந்தது. சனிக்கிழமை விடிகாலை, என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று சொல்லாமல், "கூத்து ஒண்ணு கீது, வாண்ணே" என்று அவருடைய வாக்கிடாக்கியோடு அவரைப் படகுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். என் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டேன். சுலோகம் வந்தது. விளக்கம் வந்தது. "சம்போ" வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எதையோ விரலால் தட்டுகிற ஒலி மட்டும் இரண்டு முறை. ஒரு பெருமூச்சு.

"சாமி, ஊரு தப்பு அல்லாம் சொல்லிட்டேன். என்துதான் பாக்கி."

நான் சிரிப்பதற்குத் தயாராக வாயைப் பொத்திக்கொண்டேன்.

"கையால பண்ணது. எம் பொண்ணு கல்யாணப் பத்திரிக கொண்டாந்து குடுத்துச்சு. கியிச்சுப் போட்டேன். மூணு விரல்ல கியிக்க வரல. அப்பவும் வுடல, பல்லால கடிச்சுக் கியிச்சேன். காலால பண்ணது. கொருக்குப்பேட்டைல வேல இருந்தா ஒரு ஸ்டேசன் தள்ளி எறங்கி நடந்து வருவேன், அந்தக் கட கண்ணுல படக்கூடாதுன்னு. வாயால பண்ணது. பொண்ணு எப்டி கீதுன்னு கேட்டவங்ககிட்ட எனக்குப் பொண்ணே இல்லன்னேன். காதால பண்ணது. தீபாவளிக்கு போன் பண்ணுச்சு. அப்பா, அப்பான்னு ரெண்டு தபா கூப்டுச்சு. கேட்டுக்கினே இருந்துட்டு வச்சிட்டேன். கண்ணால பண்ணது. வயித்தோட நிக்கிற போட்டோவ பச்சையம்மா காட்டுச்சு. மூஞ்சத் திருப்பிக்கினேன்."

நோயல் அண்ணன் தலைத் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மனசால... மனசு மட்டும் ஒரு தப்பும் பண்ல சாமி. அது டெய்லி அந்த வூட்டுக்குப் போய்ட்டு வந்துகினுதான் கீது. தெரியாம பண்ணதுன்னு ஒண்ணும் இல்ல. அல்லாம் தெரிஞ்சுதான் பண்ணேன். மன்னிச்சுக்க."

பிறகு கரகரவென்று எதையோ சுரண்டும் சத்தம். பட்டென்று வாக்கிடாக்கி அமைதியானது. கடலிலிருந்து ஒருவரும் "மாமு" என்று கேலி செய்யவில்லை. ஒரே ஒரு குரல் மட்டும், "வலைய எறக்கலாமாண்ணா?" என்று மரியாதையாகக் கேட்டது. "எறக்குப்பா" என்றார் மாமா.

பொத்தான் விஷயத்தைச் சொன்னேன். காது திருகல் முடிந்ததும் நோயல் அண்ணன், "அந்தப் பொண்ணு இதக் கேட்டா கெளம்பிடுமாடா?" என்றார். "யாருக்குத் தெரியும்?" என்றேன். வீட்டுக்குப் போய் போனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, எண்ணூர் ஸ்டேஷனில் எட்டு மணி ரயிலைப் பிடித்தேன். ரெக்கார்டிங் சரியாக விழுந்திருக்கிறதா என்று விம்கோ நகர் தாண்டும்போது ஒருமுறை போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. தண்டையார்பேட்டையில் இன்னொரு முறை பார்த்தேன்.

கொருக்குப்பேட்டைக் கடைக்குள் கால் வைத்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. எவர்சில்வர் குடங்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு குமாரவேல் மாமா உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் காபி டம்ளர். "இன்னொரு அரை டம்ளர் குடிங்க சம்பந்தி" என்று சுகிர்தம் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஜெஸ்வின் ஒரு பைக்கு ஜிப் போட முடியாமல் முழங்காலால் அதை அழுத்திக்கொண்டிருந்தார். சௌமியா அக்கா அப்பாவை உரசினாற்போல் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"வாடா அர்ஜுனு" என்றார் மாமா. "போனு கொண்டாந்தியா?"

"எந்த போனு மாமா?"

"போட்டுக்குப் பின்னால குந்திக்கினு ரெக்காடு பண்ணியே, அந்த போனு. கொட்டகைய வுட்டு வரசொல்லவே பாத்துட்டேன்."

சட்டைப் பையிலிருந்த போனைக் கையால் மூடிக்கொண்டேன்.

"நான் பேசசொல்ல பொட்டில செவப்பு லைட்டு எரியும். பொத்தான வுட்டா அணஞ்சிடும். இன்னிக்கு அணையல. தட்டிப் பாத்தேன், வெரல்ல பப்புள்கம் ஒட்டிச்சு. குப்பத்துல அத துன்னுறது நீ ஒர்த்தன்தான்."

"அப்ப தெரிஞ்சேவா பேசினே?"

"தனியா சாமிகிட்ட டெய்லிதான் சொல்லிக்கினு கீறேன். சொல்லிட்டு வூட்டுக்குப் போய் துன்னுட்டுப் படுத்துப்பேன். நாப்பது போட்டு கேட்டப்பறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு வூட்ல குந்துறது? பாதில நிறுத்திடலாம்னுதான் பாத்தேன். லைட்டு எரிஞ்சிக்கினே கீது." காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது கெடக்கட்டும். கண்ணு ஏன்டா இப்டி செவந்து கீது?"

"வெங்காய நெடி மாமா. மூட்ட மூட்டயா அடுக்கி வச்சா நெடி அடிக்காதா?"

"வெங்காயமா? எங்க கடையிலயா?" என்று சுகிர்தம் அம்மா சுற்றிப் பார்த்தார்.

மாமா பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைத் திருப்பினேன். திருப்பிய பக்கமெல்லாம் எவர்சில்வர் குடங்கள், ஒவ்வொரு குடத்திலும் கண் சிவந்த என் மூஞ்சி.