அறுநூறு கிராம் படுக்கை

எங்கள் அதிகாரி கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு மாற்றலாகி வந்தவர். மலையில் கூடாரம் போட்டுத் தங்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய நினைப்பு. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து, அதனால் பையின் பாரம் குறைந்துவிட்டது என்று அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவருடைய தொப்பை மட்டும் கணக்கில் வராது.

தை மாதத்தில் டயகமவுக்கு மேலே உள்ள புல்வெளியில் ஓர் இரவு தங்கலாம் என்றார். நான் டயகம தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லய வீட்டில் பிறந்தவன் என்பதால் வழிகாட்ட என்னையும் சேர்த்துக்கொண்டார். ஸ்லீப்பிங் பேக் வாங்க இருவரும் நுவரெலியாவுக்குப் போனோம்.

கடையில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் இருந்தார். பேச்சிலேயே தோட்டத்து ஆள் என்று தெரிந்தது. அதிகாரி தான் கொண்டுவந்த சின்னத் தராசில் ஒவ்வொன்றாக மாட்டித் தூக்கிப் பார்த்தார். எது சூடு தரும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் அறுநூறு கிராமில் ஒன்று அகப்பட்டது. வாத்து இறகு அடைத்தது, சுருட்டினால் தேங்காய் அளவுதான். அதில் பெரிதாக அச்சிட்டிருந்த வெப்ப அளவைக் காட்டி, இது போதும் என்றார்.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். "பெரிசா போட்டிருக்கது உயிர் தப்புற அளவுங்க. நல்லா தூங்கணும்னா கீழ இருக்க சின்ன எழுத்தப் பாக்கணும். தை மாசம் அங்க புல்லுல பனி உறைஞ்சி கெடக்கும். எறகு நனைஞ்சிட்டா சூடே இருக்காதுங்க."

தடித்த செயற்கைப் பஞ்சுப் பை ஒன்றையும் எடுத்து வைத்தார். அதிகாரி அதைத் தொடக்கூட இல்லை. என் பக்கம் திரும்பி, அங்கே அப்படிக் குளிருமா என்று கேட்டார். ஒரே கம்பளிக்குள் நான்கு பேர் சுருண்டு படுத்து வளர்ந்த நான், "அவ்வளவு இல்லீங்க சார்" என்றேன். அவர் வாங்கியதையே நானும் வாங்கினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தகுதியானவன்தான்.

அந்த இரவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூடுபனி கூடாரத்துக்குள்ளேயே வந்தது, இறகு கட்டி கட்டியாகத் திரண்டது. விடிந்தபோது அதிகாரிக்கு விரல்கள் மரத்து, பையின் ஜிப்பைத் திறக்கவே முடியவில்லை. நான்தான் திறந்து, அந்தப் பையையே அவர் மேல் போர்த்தி, கைத்தாங்கலாகக் கீழே லயத்துக்குக் கூட்டிப்போனேன்.

கொழுந்து பறிக்கப் போகுமுன் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களை உள்ளே அழைத்து அடுப்படியில் உட்காரவைத்தார். அதிகாரியைக் கம்பளியால் போர்த்தி, சுடச்சுடப் பால் விடாத சாயத் தேநீர் கொடுத்தார். பிறகு என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். இதே டயகமதான் என்றேன்.

"அப்பறம் எப்படிங்க இந்த மாசத்துல இந்தப் பையத் தூக்கிக்கிட்டு வந்தீங்க?"

நான் அடுப்புக்குள் விறகைத் தள்ளினேன். உதட்டில் நிறம் திரும்பியதும் அதிகாரி கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, இது மூன்று கிலோ இருக்கும் என்று உதட்டைச் சுழித்தார். அந்த அம்மாவுக்கு எங்களால் பெரட்டுக்கு நேரம் பிந்தியது. அவர் ஓட்டமும் நடையுமாகப் போனதைக்கூட இந்த மனிதர் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒரு நன்றியும் சொல்லவில்லை.

வெயில் ஏறியதும் மேலே திரும்பிப்போய், அந்தப் பையின் மேல் சாய்ந்துகொண்டு என்னைப் படம் எடுக்கச் சொன்னார். அருமையான தூக்கம் என்று எழுதி முகநூலில் போட்டார். நானும் அதற்கு லைக் போட்டேன்.

அடுத்த மாதம் இறம்பொடைப் பக்கம் போகலாம் என்று கூப்பிட்டார்.

"நான் வரல்லீங்க சார். எனக்குக் குளிரும்," என்றேன்.

தோட்டத்தில் பிறந்தவனுக்குக் குளிரா என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.