சுல்தானுக்கு எடுத்த எக்ஸ்ரே

எங்கள் நாய் பெல் குட்டி போடப்போகிறாள் என்ற செய்தியை, நாங்கள் குடியிருந்த ரோஸ் ஹில்லில் பரப்பியவள் நான்தான். அப்போது பெல்லுக்கு ஒன்றரை வயது. ஆண் நாயின் மூச்சுகூட அவள்மேல் பட்டதில்லை. எனக்கோ, பெரியவர்கள் ஒரு காரியத்தைப் பேசிவிட்டாலே அது நடந்து முடிந்துவிட்டதாக எண்ணும் வயது. பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்கு ஒரு குட்டி, பாட்டு டீச்சருக்கு ஒரு குட்டி என்று வாக்குக் கொடுத்து வைத்திருந்தேன்.

பேச்சை ஆரம்பித்தவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், தீவின் வடக்கே ட்ரியோலே கிராமத்தில் கொஞ்சம் கரும்பும் நிறையக் காய்கறியும் போட்டிருந்தார். வடக்குக் கடற்கரையில் ஹோட்டல்கள் அடுத்தடுத்து எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு ஹோட்டலுக்குத் தக்காளி கொண்டுபோனபோது, அதன் முதலாளி காவலுக்கு நல்ல அல்சேஷன் குட்டிகள் தேடுவதாகக் கேள்விப்பட்டார். பெரியப்பாவிடம் சுல்தான் இருந்தான், எங்களிடம் பெல் இருந்தாள். வேறென்ன வேண்டும்?

சுல்தானுக்கு மூன்று வயது. கறுத்த முதுகும் விடைத்த காதுமாக வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து வருவான். பெரியம்மாவுக்குப் பின்சீட்டுதான். மதில் ஒன்றைக் கண்டுவிட்டால் பெரியப்பாவால் சும்மா இருக்க முடியாது. அவனைத் தாண்டவைத்து எல்லோருக்கும் காட்டியாக வேண்டும். தானே தாண்டியதுபோல் அவருக்கு மூச்சு வாங்கும்.

அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர். யாரிடமாவது சம்மதம் வாங்காமல் எதையும் செய்யமாட்டார். பெல் பருவத்துக்கு வந்ததும் அவளை டாக்டரிடம் அழைத்துப்போனார். அம்மா அவரை மாட்டு டாக்டர் என்றே சொல்லுவாள். அவரிடம் ஒரு மாடும் வந்து நான் பார்த்ததில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தமிழ் டீச்சராக வந்து இங்கேயே வாழ்க்கைப்பட்டவள் அம்மா. மற்றவர்களுக்கெல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான் வாய்க்கு வரும். டாக்டர் கிரியோலில் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் விளக்க அப்பா பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"இடுப்புல ஒரு கிண்ணம் இருக்கு. அதுல ஒரு உருண்டை. உருண்டை சரியா உக்காரலேன்னா நாய் பின்னால நொண்டும்."

"நம்ம பெல் நல்லாத்தானே ஓடுறா?"

"வெளிய தெரியாதாம். குட்டிக்கும் போகுமாம். படம் எடுத்தாதான் தெரியுமாம்."

"அப்ப எடுத்துட வேண்டியதுதானே?"

"இப்ப இல்ல. ரெண்டு வயசு முடியணும். எலும்பு அப்பதான் முத்துமாம். பருவத்துல இருக்கறப்பவும் கூடாது. மூட்டு தளர்ந்திருக்கும், படம் பொய் சொல்லும்."

செய்தி கேட்டுப் பெரியப்பா ட்ரியோலேயிலிருந்து நேரே வந்து இறங்கினார்.

"பே நோ!" என்றார். கிரியோலில் அதற்கு, அதெல்லாம் முடியாது என்று பொருள். "எங்க அப்பா என்னைப் பெத்தப்ப யாரு எக்ஸ்ரே எடுத்தா? நான் நடக்கலையா?"

அப்பா அண்ணனை எதிர்த்துப் பேசமாட்டார். டாக்டரின் பேச்சையும் மீறமாட்டார். ஆகவே பெல்லை வீட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார். நான் பள்ளியில் தோழிக்குத் தினம் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாய்க்குட்டி வயிற்றில் இருக்கும் காலம் யானைக்குட்டியைவிட அதிகம் என்றுகூட ஒருநாள் சொன்னேன்.

கடைசியில் பெரியப்பாவை மசியவைத்தவர் அந்த ஹோட்டல் முதலாளிதான். தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்புப் படம் எடுத்தாகிவிட்டதா என்று அவரே கேட்டுவிட்டாராம். பெல்லுக்கு இரண்டு வயது முடிந்து, பருவமும் இல்லாத ஒரு சனிக்கிழமை, பெரியப்பாவும் பெரியம்மாவும் சுல்தானோடு வந்து சேர்ந்தார்கள்.

டாக்டரிடம் எக்ஸ்ரே இயந்திரம் இல்லை. மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு கிளினிக்கில், மத்தியானம் நோயாளிகள் போனபின் வரச் சொல்லியிருந்தார்கள். பின்வாசல் வழியாக ஊர்வலம் போனோம். நோயாளிகள் எல்லோரும் போய்விடவில்லை. கையில் கட்டோடு ஒருவர் பெஞ்சில் இருந்தார். இரண்டு நாய்களும் அவரைக் கடந்து உள்ளே போனதும், நர்ஸிடம் "எனக்கு முன்னால இவங்களா?" என்று கேட்டார்.

பெல்லுக்கு ஊசி போட்டுத் தூங்கவைத்துப் படுக்கை விரிப்பில் தூக்கிப் போனார்கள். மல்லாக்கப் படுக்கவைத்துப் பின்னங்கால்களை நேராக நீட்டிப் படம் எடுப்பார்களாம். என்னை உள்ளே விடவில்லை. பிறகு டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உருண்டை கிண்ணத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. எனக்கே அது புரிந்தது.

அடுத்தது சுல்தான். அவன் படத்தை டாக்டர் ஜன்னலருகே வெகுநேரம் பிடித்திருந்தார். கிண்ணம் தட்டுப்போல் ஆழமில்லாமல் இருந்தது. உருண்டை பாதி வெளியே நின்றது.

"இவனைச் சேர்க்கைக்கு விடாதீங்க," என்றார்.

"டாக்டர், இவன் மதில் தாண்டுறவன்!"

"இப்ப தாண்டுவான். வயசானா வலிக்கும். அவன் குட்டிக்கும் வரும்."

"பொட்டை நல்லாத்தானே இருக்கு? அது போதாதா?"

"பொண்ணை மட்டும் பாத்துட்டு ஆணை விட்டா என்ன பிரயோஜனம், மிஸ்யே? ரெண்டு பேரையும் பாக்கணும்."

தரையில் உட்கார்ந்து, மயக்கம் தெளியாத சுல்தானின் தலையை மடியில் வைத்திருந்த பெரியம்மா நிமிர்ந்தாள்.

"அதை இன்னொரு தடவை சொல்லுங்க, டாக்டர்."

காதில் விழவில்லை என்று நினைத்து அவர் இன்னும் உரக்கச் சொன்னார். "ரெண்டு பேரையும் பாக்கணும், மதாம்."

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அப்பா நாய்ச் சங்கிலியைக் கவனமாகச் சுருட்டினார். பெரியப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று நான் கவலைப்பட்டேன்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெரியம்மாவிடம்தான் ஏதோ குறை என்று குடும்பத்தில் எல்லோரும் பேசிக்கொள்வார்கள். அவள் பார்க்காத டாக்டர் இல்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் காவடி எடுப்பாள். பெரியப்பா தண்ணீர்ச் செம்போடு பின்னால் நடப்பார். எனக்கு அதெல்லாம் திருவிழாவின் ஒரு பகுதிதான்.

சில ஞாயிற்றுக்கிழமைகள் பெரியப்பா எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு ஒருநாள் வந்து, சுல்தான் குண்டாகக் கூடாதாம், நீந்தினால் நல்லதாம் என்று என்னையும் வேனில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோனார். அதன்பின் வாராவாரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்று சுல்தானைக் கூப்பிடுவார். ஹோட்டலில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் அவரையும் சுல்தானையும் சேர்த்துப் படம் எடுப்பார்கள். அந்த வேனில் இப்போது பெரியம்மா முன்சீட்டில் வந்தாள். சுல்தானுக்கு ஏறி இறங்கச் சிரமம் என்று பெரியப்பா காரணம் சொன்னார்.

பெல்லுக்கு டாக்டரே வேறு மாப்பிள்ளை பார்த்தார். இடுப்புச் சோதனை தேறியவன். குட்டிகள் பிறந்து கண் திறந்திருந்த சமயம், ஒரு வேலைநாளில், பெரியப்பாவும் பெரியம்மாவும் நல்ல உடுப்பில் வந்து சுல்தானை எங்கள் முற்றத்தில் கட்டினார்கள். டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள்.

"டாக்டர்கிட்டப் போறீங்க, சுல்தானை விட்டுட்டுப் போறீங்களே?" என்றேன்.

பெரியப்பா காது சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரமும் போனார்கள். அன்று மாலை கடைத்தெருவிலிருந்து பொட்டலம் நிறைய டால் பூரி வாங்கி வந்தார்கள். யார் வருகிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எதையும் பார்க்காமல் பெரியம்மா முற்றத்துத் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். முகவாயில் சட்னி வழிந்தது. குட்டிகள் சேலையைப் பிடித்து ஏறின, அவள் தள்ளிவிடவில்லை. பெரியப்பா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தார். அப்படி ஒரு மலர்ந்த முகத்தோடு பெரியம்மாவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அம்மாவை அடுப்படிக்கு இழுத்துப்போய்க் கேட்டேன். "பெரியம்மாவுக்குப் பாப்பா வரப்போகுதா?"

"இல்லடி. இனிமே வராதாம். கோளாறு பெரியப்பாகிட்டதானாம்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "இனிமே நீ காவடி எடுக்க வேணாம்னு அவரே சொல்லிட்டாராம்."

பாப்பாவும் இல்லை, காவடியும் இல்லை. பிறகு எதற்கு இத்தனை சந்தோஷம்? அதைக் கேட்க வாயைத் திறந்தேன். அம்மா ஒரு பூரியைச் சுருட்டி அதற்குள் வைத்து, "சாப்பிடு" என்றாள்.