தாலாட்டுக்கு அடியில் இரைச்சல்

அம்மா இறந்த பிறகு, அவள் பாடிய தாலாட்டை வீட்டு ஆம்ப்ளிஃபயரில் போட்டுத்தான் மகளைத் தூங்கவைக்கிறேன். குரலுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பவர் சப்ளை கோளாறு என்று நினைத்து உத்திரமேரூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கெபாசிட்டரை மாற்றி, வேறு பாட்டு போட்டுக் காட்டினார். சுத்தமாகக் கேட்டது. தாலாட்டில் மட்டும் இரைச்சல் போகவில்லை.

"செட்டுல ஒண்ணும் இல்லம்மா, ரெக்கார்டிங்லயே கீது. போன்ல மைக்க சொருவிட்டு, சார்ஜரும் போட்டுக்கினே எடுத்தியா? அப்டி எடுத்தா கரண்டு சத்தமும் சேந்து ஏறிக்கும்."

ஆமாம். அன்று போனில் பாதி சார்ஜ் இருந்தது. அம்மா பாடும்போது நடுவில் அணைந்துவிடுமோ என்று பயந்து, பதிவை ஆரம்பித்த கையோடு சார்ஜரையும் மாட்டினேன்.

"பாதி கீதே, போதும்டி. இன்னாத்துக்கு எப்பப் பாரு பயந்துக்கினே கீற?" என்று அம்மா சிரித்தாள்.

பாட்டுக்கு முன்னால் அதுவும் பதிவாகியிருக்கிறது, இரைச்சலோடு.