மாதேஷ் வைக்காத கதவு

சனிக்கிழமை காலை பென்னாகரம் பக்கம் ஒரு வயலில் அளவுச் சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தபோது பிரேமா டீச்சர் போன் செய்தார். "சார், மாதேஷ் போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாராம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." நான் நில அளவையர். அளந்துகொண்டிருந்த எல்லையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். அன்றிலிருந்து எந்த வேலையிலும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. எழுதினாலாவது உட்கார முடிகிறதா என்று பார்க்கிறேன்.

கடத்தூரில் இரத்தப் பரிசோதனைக்குப் போன உங்களுக்கெல்லாம் அவர் லேப்காரர். ஞாயிறு மதியம் அதே லேபின் மாடியில் கூடிய எங்கள் நான்கு பேருக்கு அவர் வேறு ஆள். பகடையும் காகிதமும் வைத்து விளையாடும் கதை ஆட்டம் அது. பாழடைந்த கோட்டை ஒன்றை அவர் விவரிப்பார். அதற்குள் நுழைந்துவிட்ட நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். படியருகே எங்கள் கூச்சலைக் கேட்டிருப்பீர்கள். அது சண்டை அல்ல, பெரும்பாலும்.

ரகசியக் கதவு விஷயத்தில் மனிதர் பிடிவாதக்காரர். ஒரு கதவை ஒளித்தால் அதற்கு மூன்று அடையாளங்களை எங்கள் கண்ணெதிரே போட்டுவிடுவார். ஒருமுறை சுவரோரம் எறும்பு ஊர்வதாகச் சொல்லிவிட்டு வேறு எதையோ பேசினார். நாங்கள் கதவு தேடிப் பகடையை உருட்டித் தள்ளிக்கொண்டிருந்தோம். பிரேமா மட்டும், "அந்த எறும்பு எங்கீங்க போவுது?" என்று கேட்டார். மாதேஷ் எழுந்தே நின்றுவிட்டார். "சுவத்துக்குள்ள போவுதுங்க! கேக்கறவங்களுக்கு எதுக்குங்க பகடை?" கதவைத் தானே கண்டுபிடித்தது போல அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்குத் தொழில் புத்தி. அவர் சொல்லச் சொல்லக் கோட்டையை அளவோடு வரைவேன். இரண்டு அறைகளுக்கு நடுவே பத்தடி உதைத்தது. கணக்கில் வராத இடம் என்றால் உள்ளே அறை இருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். மூன்று ஞாயிறு அந்தச் சுவரைத் தட்டினோம், இடித்தோம், தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கடைசியில் அவர் தன் நோட்டைப் புரட்டி, கூட்டிப் பார்த்து, தலையைச் சொறிந்தார். "என் கணக்குத் தப்புங்க செந்தில். அங்க ஒண்ணுமில்ல."

எனக்கு வந்ததே கோபம். "மூணு வாரமா தேடறோம். ஒரு கதவ வெச்சிருந்தா கொறஞ்சா போயிருவீங்க?"

"நீங்க தேடறீங்கன்னு நான் கதவு வெச்சா, அப்புறம் நீங்க கண்டுபுடிக்கறது எதுவுமே உங்களுது இல்லீங்க."

நியாயமான பேச்சுதான். அன்றைக்கு எனக்கு அது திமிராகப் பட்டது. வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினேன். அடுத்த இரண்டு ஞாயிறும் போகவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி சுமதி அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். "நீங்களே வெச்சுக்கங்க சார். கடைசி வாரம் பூரா இதையேதான் பொரட்டிட்டு இருந்தாரு." அதில் கோட்டையின் அந்தப் பத்தடி இடத்தில் பென்சிலால் ஒரு கதவை வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, மறுபடி அழித்திருந்தார். தாள் அங்கே மெலிந்துபோயிருந்தது. ஓரத்தில் அவர் எழுத்து: "கதவு வேண்டாம். செந்திலுக்குப் போன் பண்ணி சாரி சொல்லணும்."

பண்ணியும் இருக்கிறார். அவர் போவதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை சாயங்காலம், இரண்டு முறை. திரையில் அவர் பெயரைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மாதேஷிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்த நோட்டும், நான் எடுக்காத இரண்டு அழைப்புகளும்தான். நோட்டைச் சுமதியிடமும் பிரேமாவிடமும் பிரித்துக் காட்டிவிட்டேன். அழைப்புகளைப் பற்றி இப்போதுதான் சொல்கிறேன்.