ஃப்ளாட் வொயிட்டுக்கு எவ்வளவு நுரை

நான்கு கோப்பைகளுக்கும் அடியில் கிடப்பது ஒரே எஸ்பிரெசோதான் என்பது எனக்கு உறைத்த காலை இன்னும் நினைவிருக்கிறது. ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் அலுவலகக் கட்டடத்தில், கேன்டீன் ஒப்பந்தக்காரர் புதிதாகக் காபி இயந்திரம் வைத்து, என்னை அந்தக் கவுண்டரில் வேலைக்கு நிறுத்தியிருந்தார். மக்கியாட்டோ, கப்புச்சினோ, லாட்டே, ஃப்ளாட் வொயிட் என்று நான்கையும் வரிசையாகப் போட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்கள்தான் நான்கு. அந்தக் கெட்டிக் கறுப்புச் சாறு, பொத்தானை அமுக்கினால் யாருக்கும் வரும். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிப்பது பால். பாலையும்விட, பாலுக்குள் போகிற காற்று. கண்டுபிடித்த குஷியில் சொல்லத் திரும்பினால், பக்கத்தில் நின்ற அண்ணியின் கைக்குவளையில் பால் சத்தமே இல்லாமல் பளபளவென்று சுழன்றுகொண்டிருந்தது. வித்தியாசமெல்லாம் பாலில்தான் என்றால், இதில் முந்தப்போவது நான் இல்லை. பொறாமை என்கிற ஆசாமி அந்த நிமிடம்தான் என்னிடம் குடிவந்தான்.

அண்ணி என்றால் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து படப்பையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதே கேன்டீனில் சாப்பாடு பரிமாறும் வரிசையில் நின்றிருந்தவரை, காபி கவுண்டருக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று மேனேஜர் கேட்டபோது சிபாரிசு செய்து அழைத்துவந்ததே நான்தான். நான் வேதியியல் படித்தவள். பால் எத்தனை டிகிரியைத் தாண்டினால் இனிப்பு குறையும், நுரை ஏன் உடையும் என்றெல்லாம் வீடியோக்கள் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கப்புச்சினோ என்றால் மேலே விரல் தடிமனுக்கு நுரை நிற்க வேண்டும். லாட்டே என்றால் பால் அதிகம், நுரை ஒரு மெல்லிய போர்வை. ஃப்ளாட் வொயிட்டுக்குச் சின்னக் கோப்பை, இரண்டு பங்கு எஸ்பிரெசோ, நுரை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பாலோடு கலந்து வழவழவென்று. மக்கியாட்டோவில் எஸ்பிரெசோ மேல் ஒரு ஸ்பூன் நுரைதான், பால் என்று தனியாக எதுவும் இல்லை. அண்ணிக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது நான். சொல்லிக் கொடுத்தேன் என்கிற பெருமையில் முதல் இரண்டு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. நான் வெப்பமானியைக் குத்திப் பார்த்து நீராவிக் குழாயை மூடுவேன். அவர் குவளையின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்பார். பாலுக்குள் காற்று ஏறும்போது வருகிற, காகிதம் கிழிகிற மாதிரியான சத்தம் அடங்கி, ஒரு முனகல் வந்ததும் மூடிவிடுவார். "பால் கூப்பிடுதுல்லா பாப்பா, உனக்குக் கேக்கலையா?" என்பார். எனக்குக் கேட்கவில்லை. அந்தப் 'பாப்பா' மட்டும் நன்றாகக் கேட்டது.

கொதிக்கக் கொதிக்கக் குடித்துப் பழகிய நாக்குகள் எங்கள் பக்கத்துக்காரர்களுடையவை. விதிப்படி நான் போட்ட லாட்டேயை வாயில் வைத்துவிட்டு, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு அண்ணன் ஒருவர், "இன்னாம்மா, டிகிரி படிச்சிட்டு ஆறிப்போன காபி குடுக்குற? அவங்க போட்டா மட்டும் சூடா கீதே" என்றார். அண்ணி பாலைக் கூடுதலாகக் கொதிக்க வைக்கவில்லை. கோப்பையை வெந்நீரில் முக்கி எடுத்து வைத்திருந்தார், அவ்வளவுதான். உதட்டில் பட்டதும் சுடும். பால் அதே பதத்தில் இருக்கும். என் நோட்டில் அது இல்லை. அன்று சாயங்காலமே எழுதிக்கொண்டேன், ஆனால் யார் சொன்னது என்று எழுதவில்லை. வீட்டிலும் நிம்மதி இல்லை. "என் மருமக கை வெச்சா பால்கூட சொன்ன பேச்சு கேக்குது" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சமயத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இன்னொரு நிறுவனத்தில் எங்கள் ஒப்பந்தக்காரரே பெரிய காபி கவுண்டர் திறக்கப் போகிறார், எங்களில் ஒருவர் அதற்குப் பொறுப்பாளர் என்று மேனேஜர் சொன்னார். அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வருகிறது, அன்றைக்கு வேலையைப் பார்த்து முடிவு செய்வாராம். எனக்கு அது வேண்டும். அவ்வளவு வேண்டும் என்று அதற்கு முன் எதையும் நினைத்ததில்லை.

குழு வந்த காலையில் அண்ணி என்னிடம் வந்து நின்றார். "நம்மகிட்ட யாரும் கேக்கவே மாட்டாங்கள்லா, அதான் மறந்துபோச்சு. ஃப்ளாட் வொயிட்டுக்கு எவ்வளவு நுரை பாப்பா?"

நான் நிமிரக்கூட இல்லை. "ஸ்பூன்ல அள்ளுற அளவுக்கு, அண்ணி. டிகாக்‌ஷன் ஒரு பங்கு போதும்" என்றேன்.

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. குழுவில் நரைத்த பொறியாளர் ஒருவர் ஃப்ளாட் வொயிட்தான் கேட்டார். அண்ணி கொடுத்ததைப் பார்த்துவிட்டு, இது கப்புச்சினோ ஆயிற்றே என்று சிரித்தபடியே சொன்னார். மேனேஜர் முகம் சிவந்துபோனது. "யார் சொல்லிக் குடுத்தது இதை?" என்றார். அண்ணி ஒரு நொடி என்னைப் பார்த்தார். "நான்தான் சார் மாத்திட்டேன்" என்றார். பிறகு அந்தப் பொறியாளரிடமே, கையைக் காட்டி, எவ்வளவு என்று கேட்டார். அவர் தன் கட்டைவிரல் நகத்தின் நுனியைக் காட்டினார். பாஷை தேவைப்படவில்லை. அண்ணி தலையைச் சாய்த்தார், பால் முனகியது, இரண்டு நிமிடத்தில் சின்னக் கோப்பை ஒன்று அவர் கைக்குப் போனது. அவர் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். நான் சரியாகச் சொல்லியிருந்தால் அண்ணியும் நாலு பேரில் ஒருவராக நின்றிருப்பார். நான் வெட்டிய குழியே அவருக்கு மேடை ஆகிவிட்டது.

பதவி அண்ணிக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை, அண்ணனிடமும் சொல்லவில்லை. தெரிந்துதான் சொன்னேன் என்று புரிந்துகொண்டாரா, நான் தடுமாறிவிட்டேன் என்று விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது. திட்டியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். அவருக்குக் கிடைத்த பதவிமேல் இருந்த பொறாமை, இப்போது அப்படிப் பேசாமல் இருக்க முடிகிற மனசின்மேல் திரும்பியிருக்கிறது. முன்னதைவிட இது அதிகமாகக் கடிக்கிறது.

நேற்று மேனேஜர் கூப்பிட்டார். இருங்காட்டுக்கோட்டை கவுண்டருக்கு இன்னொரு ஆள் எடுக்கிறார்களாம். "உங்க அண்ணி உன் பேரைத்தான் குடுத்திருக்காங்க. உன்ன மாதிரி விவரமான ஆள் கிடையாதுன்னு சொல்றாங்க. திங்கக்கிழமை சேந்துடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்கிறேன் சார் என்று வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வீடு திரும்பும்போது, அண்ணனும் அம்மாவும் முன்னால் போய்விடுவார்கள், நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே பின்னால் வருவோம். அப்போது சொல்லப்போகிறேன். அன்றைக்குத் தடுமாறிச் சொல்லவில்லை அண்ணி, தெரிந்தேதான் தப்பாகச் சொன்னேன் என்று. இந்த இரண்டு வரியை இன்று காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன், 'தெரிந்தேதான்' என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். சொன்ன பிறகும் திங்கட்கிழமை வா என்பாரென்றால், முதல் வேலையாக வெப்பமானியை ஓரமாக வைத்துவிட்டு, பாலுக்குக் காது கொடுத்துப் பார்க்க வேண்டும்.