முதல்ல நீங்க ஏறுங்க

தான் பழுது பார்த்து முடித்த லிஃப்டின் கதவு திறக்கும்போது லிஃப்ட் அக்கா உடனே உள்ளே போவதில்லை. ஓரமாக விலகி நின்று, "முதல்ல நீங்க ஏறுங்க" என்கிறாள். யாரும் ஏறுவதில்லை. ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தானும் ஏறி, மாடி மாடியாக ஓட்டிப் பார்க்கிறாள். புதிதாகக் குடிவந்தவர்கள் யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். "ஆண்டவரத்தான். ஒரு மரியாதைக்கு" என்பாள், மாமனாரைச் சொல்வதுபோல வெகு சாதாரணமாக.

காக்கிச் சட்டை, இடுப்பில் டார்ச். கழுத்துக் கயிற்றில் மாதா படம் பதித்த சிறு பதக்கமும், லிஃப்டின் வெளிக்கதவைத் திறக்கும் சாவியும் ஒன்றாகத் தொங்கும். இரண்டையும் சட்டைக்குள் செருகியே வைத்திருப்பாள். "சக்கரத்துல மாட்டுச்சுன்னா நேர்லயே போய் ஆண்டவரப் பாக்க வேண்டியதுதான்."

காலையில் கண் விழித்ததும், கால் தரையில் படுமுன் சிலுவை அடையாளம். பிறகுதான் போன், காபி, கணவர். பேக்கரி வைத்திருக்கும் அந்த மனிதர், "எனக்கு முன்னால வரிசையில எப்பவும் ஒருத்தர் நிக்கிறாரு" என்று புகார் சொல்வார். "அவரு சீனியர்" என்று அவர் வாயை அடைத்துவிடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜரிடம் கறாராகப் பேசிவிட்டாள். "மத்த நாள் எந்நேரம் கூப்பிட்டாலும் வரேன் சார். ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் நான் கோயில்ல இருப்பேன்." அதனால் பதவி உயர்வு அவளைத் தாண்டித் தாண்டி அடுத்தவர்களுக்குப் போனது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை என்று சொன்னால் பொய். அந்த நாட்களில் வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே கழுவப்பட்டன.

போன மாதம் அந்த ஞாயிறு வந்தது. தங்கைக்கு வருடக்கணக்கில் காத்திருந்து பிறந்த பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் இவள்தான். கரும்பச்சைச் சேலை கட்டி, குழந்தையை மடியில் வைத்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பூசை தொடங்கி முதல் வாசகம் நடந்துகொண்டிருந்தது. எதிர்க் கட்டிடத்து வாட்ச்மேன் பக்கக் கதவு வழியாக மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அக்கா, லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. மேல் மாடித் தாத்தாவும் அவரு மகளும் உள்ள இருக்காங்க. ஆக்சிஜன் சிலிண்டர்ல முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சாம்."

"டூட்டி மெக்கானிக் எங்க?"

"ஓட்டப் பந்தயம்னு ரோட்ட அடச்சுட்டாங்க. அவரும் தீயணைப்பு வண்டியும் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க."

தங்கை முழங்கையைப் பிடித்தாள். "மேனேஜருக்கே முடியாதுன்னு சொன்னவ நீ. என் பிள்ளையோட நாள்லயா எந்திரிச்சுப் போற?"

இந்தக் காலை நேரத்தை லிஃப்ட் அக்கா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கேட்பது மேனேஜர் என்றால் பதில் சுலபம். பீடத்தை ஒருமுறை பார்த்தாள்.

"அவருதான்டி கூப்பிடுறாரு" என்று குழந்தையைத் தங்கையின் மடியில் வைத்தாள். இருக்கையிலிருந்து இறங்கி வந்த ஃபாதர் விஷயத்தைக் கேட்டதும், "நீ போம்மா. ஞானஸ்நானத்தப் பூசை முடிஞ்சு வச்சுக்கலாம்" என்றார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவைக் கடந்தாள். படிகளில் தாவி ஏறினாள். லிஃப்ட் நின்றிருந்த இடத்தில் கதவோடு வாயை வைத்துச் சொன்னாள்: "தாத்தா, நான் லிஃப்ட் அக்கா. மெதுவா மூச்சு விடுங்க. திட்டுறதா இருந்தா வெளிய வந்து திட்டுங்க."

உள்ளிருந்து மகளின் குரல் வந்தது. "சிரிக்கிறாரு அக்கா. ஆனா உதடு நீலமாகுது."

மொட்டை மாடியில் மோட்டார் அறை. மெயின் சுவிட்சை அணைத்தாள். வாட்ச்மேன் பிரேக் நெம்புகோலை இழுக்க வேண்டும், அவள் கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். நெம்புகோல் இறுகிப்போய்க் கிடந்தது. வாட்ச்மேன் தன் எடையை எல்லாம் போட்டுத் தொங்கினார். "ஆண்டவரே, நீங்க முன்னால புடிங்க, நான் பின்னால தள்ளுறேன்." பிரேக் விட்டது. சக்கரம் அசைந்தது. எண்ணெய்ப் பிசுக்கு முழங்கை வரை வழிய, இரும்புக் கயிற்றில் மாடியைக் காட்டும் மஞ்சள் அடையாளம் வரும்வரை சுற்றினாள். பிறகு கீழே ஓடிக் கழுத்துச் சாவியால் கதவைத் திறந்தாள். தரையில் சரிந்திருந்த தாத்தாவுக்கு, வீட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த மாற்றுச் சிலிண்டரின் குழாயைப் பொருத்தினார்கள். உதட்டில் நிறம் திரும்பியது. அவர் விரலை ஆட்டி அவளைத் திட்ட ஆரம்பித்ததும் மாடியே சிரித்தது.

அவள் திரும்பியபோது கோயிலில் கடைசிப் பாட்டு முடிந்திருந்தது. "பூசை போயிடுச்சே ஃபாதர்" என்றாள் மூச்சிரைத்தபடி. "சாயங்காலம் இன்னொண்ணு இருக்கு. அதுலயாவது உக்காரு" என்றார் ஃபாதர்.

சடங்கு தொடங்கியது. குழந்தையின் நெற்றியில் ஃபாதர் சிலுவை வரைந்தார். பெற்றவர்கள் வரைந்தார்கள். அடுத்து ஞானத்தாய். அவள் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஒரே கிரீஸ் ஃபாதர். கழுவிட்டு வந்துடுறேன்."

அவள் வந்ததிலிருந்து முகம் கொடுக்காமல் நின்ற தங்கை, அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தாள். அந்தக் கறுத்த கட்டைவிரலைத் தன் மகளின் நெற்றியில் வைத்து, மேலிருந்து கீழாக, பிறகு குறுக்காக, நிதானமாக இழுத்தாள்.